நல்ல சத்தத்துக்கு எவ்வளவு காசு வேணும்?

வீட்டுக்கு வருகிற எங்கட ஆட்கள் ஹோலில் நிற்கிற இரண்டு ஸ்பீக்கரையும் கண்டவுடன் பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. "இது என்ன விலை முடிஞ்சது?" என்றுதான் கேட்பார்கள். விலையைச் சொன்னால் அடுத்த கேள்வி இரண்டில் ஒன்றாக இருக்கும். "இவ்வளவு காசோ?" அல்லது "இவ்வளவுதானோ?" லண்டனில் இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பொழுதுபோக்கோடு மாரடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். நீங்கள் கேட்கிற சத்தத்தில் பெரும்பங்கு அந்தப் பெட்டிகளுக்குள் இல்லை.

ஒரு பாட்டு உங்கள் காதுக்கு வந்து சேரும் பாதையை ஒரு சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் ஒலிப்பதிவு. மற்ற முனையில் நீங்கள் இருந்து கேட்கிற அறையும் உங்கள் காதும். நடுவில் சீடி பிளேயர், அம்பிளிபயர், வயர், அதற்குக் கீழே வைக்கிற பலகை என்று ஆயிரம் சாமான். இன்றைக்கு இந்த நடுப்பகுதி மிகவும் மலிவாகவும் மிகவும் நன்றாகவும் செய்யக்கூடிய பகுதி. ஆனால் கடைக்காரர் விற்கக்கூடியது அதைத்தான். உங்கள் அறையையும் காதையும் எந்தக் கடையிலும் விற்க ஏலாது. ஆகவே முழு விளம்பரமும் நடுப்பகுதியைச் சுற்றியே நடக்கிறது, சனத்தின்ர காசும் அங்கேதான் போகிறது.

அறையில் இருந்து தொடங்குவோம். 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் சொன்னால் அது ஐந்து செக்கனுக்கு மேல் மண்டபத்துக்குள் சுற்றிக்கொண்டு நின்றது. இதைச் சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து நாடக அரங்கில் இருந்த கதிரை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து மண்டபத்தில் பரப்பி, ஓர் ஓர்கன் குழாயை ஊதிவிட்டு, சத்தம் அடங்க எத்தனை செக்கன் எடுக்கிறது என்று அளந்தார். இன்னும் கொஞ்சம் மெத்தை, திரும்ப அளவு. விடிவதற்குள் எல்லா மெத்தையையும் திருப்பிக் கொண்டுபோய் வைக்கவேணும். இப்படிப் பல இரவுகள். அந்த மெத்தைக் கணக்கில் இருந்துதான் மண்டப ஒலியியல் என்ற துறையே பிறந்தது. 1900இல் திறந்த பொஸ்டன் சிம்பொனி மண்டபம் அவருடைய கணக்கின்படி கட்டப்பட்டது. உலகத்தின் மிகச் சிறந்த இசை மண்டபங்களில் ஒன்றாக அதை இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லண்டனில் எங்கட சனத்தின் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கோ. முன்னறையில் முந்தியிருந்த கார்ப்பெட்டைக் கிளப்பிவிட்டு லமினேட் பலகை அல்லது மாபிள் போட்டிருப்பார்கள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலுமாரி. ஜன்னலுக்கு மெல்லிய திரை. நடுவில் கண்ணாடி மேசை. பார்க்க வடிவுதான். ஆனால் கைதட்டிப் பாருங்கோ, சபைனுடைய மண்டபத்தின் சின்னத் தம்பி மாதிரி ஒரு எதிரொலி வரும். இந்த அறைக்குள் ஐயாயிரம் பவுணுக்கு ஒரு அம்பிளிபயரைக் கொண்டுவந்து வைத்தாலும் பாடகியின் குரல் கிணற்றுக்குள் இருந்துதான் வரும். ஒரு தடிப்பான கம்பளமும், கனத்த திரைச்சீலையும், புத்தகங்கள் ஒழுங்கில்லாமல் அடுக்கிய ஒரு அலுமாரியும் அந்த அம்பிளிபயரைவிடக் கூடுதலாக வேலை செய்யும். (முட்டை மட்டையைச் சுவரில் ஒட்டுவதைப் பற்றியும் கேட்பார்கள். வேண்டாம். சத்தத்தை அது பெரிதாக உறிஞ்சாது, ஆனால் நெருப்பு நன்றாகப் பிடிக்கும்.)

கீழ்ச்சத்தம், அதாவது பேஸ், இன்னொரு கதை. கம்பளம் அதை ஒன்றும் செய்யாது. ஒலி ஒரு செக்கனுக்குச் சுமார் 343 மீற்றர் போகும். உங்கள் அறையின் அகலம் 3.4 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம், லண்டன் முன்னறைகள் பல கிட்டத்தட்ட அந்த அளவுதான். அப்போது 50 ஹேர்ட்ஸ் அளவிலான ஒரு சத்தம் இரண்டு சுவருக்கும் இடையில் கச்சிதமாகப் பொருந்தி நின்றுவிடும். சுவரோடு சாய்ந்து இருக்கிறவருக்கு அது வயிற்றில் இடிக்கும். அறையின் நடுவில் இருப்பவருக்கு அது கேட்கவே கேட்காது. ஒரே பாட்டு, ஒரே ஸ்பீக்கர். சோபாவில் இருப்பவர் "பேஸ் கூடிப்போச்சு" என்பார், நடுவில் கதிரை போட்டிருப்பவர் "பேஸ் காணாது" என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மை.

இதற்கு மருந்து என்ன? ஸ்பீக்கரை மூலையில் இருந்து வெளியே எடுங்கோ. சுவரில் இருந்து ஒரு அடி, இரண்டு அடி தள்ளி வைத்துப் பாருங்கோ. சோபாவைப் பின்சுவரில் இருந்து கொஞ்சம் முன்னுக்கு இழுங்கோ. செலவு ஒரு சதமும் இல்லை. ஆனால் வீட்டில் அனுமதி வாங்கவேணும், அதுதான் இந்தப் பொழுதுபோக்கின் மிகக் கடினமான பகுதி. எங்கள் வீட்டில் ஓர் உடன்படிக்கை இருக்கிறது. சனி பின்னேரம் ஸ்பீக்கர் இரண்டும் முன்னுக்கு வரும், ஞாயிறு காலை திரும்பச் சுவரோடு போய்விடும். நிலத்தில் சின்னதாக ஒட்டிய நாலு துண்டு ரேப்தான் எல்லைக்கோடு. எந்தக் கருவி மாற்றத்தையும்விட அந்த நாலு துண்டு ரேப் எனக்குத் தந்த சந்தோசம் அதிகம்.

அடுத்தது கண். காதைப் பற்றிய கட்டுரையில் கண்ணுக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். கனடாவின் ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபுளோயிட் டூல் என்ற விஞ்ஞானி பல வருடங்களாக ஒரு வேலை செய்தார். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து, எது எது என்று தெரியாமல் ஆட்களைக் கேட்க வைத்துப் புள்ளி போடச் சொன்னார். எது என்று தெரியாதபோது, வெவ்வேறு ஆட்கள்கூடப் பெரும்பாலும் ஒரே மாதிரியான ஸ்பீக்கர்களையே விரும்பினார்கள். பிறகு அவர் ஹார்மன் நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவரும் ஷோன் ஒலிவும் 1994இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், அதே ஸ்பீக்கர்களை ஒருதடவை மறைத்தும் ஒருதடவை காட்டியும் கேட்க வைத்தார்கள். கண்ணால் கண்டவுடன் புள்ளிகள் மாறிவிட்டன. பெரியதும் விலை கூடியதும் மேலே போயின. மறைத்து வைத்தபோது நன்றாகப் புள்ளி எடுத்த ஒரு சின்ன மலிவான செட், பார்த்தவுடன் கீழே இறங்கிவிட்டது. புள்ளி போட்டவர்கள் யார்? அந்த நிறுவனத்திலேயே வேலை செய்கிற ஆட்கள்.

இதை வாசித்த பிறகு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வீட்டில் அதே மாதிரிச் செய்து பார்த்தோம். ஒரு பழைய பெட்ஷீட்தான் திரை. நண்பர் ஒருவர் ஸ்பீக்கர் வயர் ஒன்று கொண்டுவந்தார், விலையைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதற்குப் போட்டியாக ஹார்ட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டி வாங்கிய சாதாரண செப்பு வயர். மகள்தான் நடுவர். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து வயரை மாற்றுவாள், எதை மாட்டினாள் என்று சொல்லமாட்டாள். ஒரு பின்னேரம் முழுக்கக் கேட்டோம். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் ஊகங்கள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்த மாதிரியே விழுந்தன.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. இரண்டரை சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் மூன்று மீற்றர் தூரம் போய்த் திரும்பி வந்தால் அதன் தடை ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்பீக்கரோ எட்டு ஓம். காதுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? நண்பர் கோபிக்கவில்லை. தன்ர வயரைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு, "இருந்தாலும் இதுதான் பார்க்க வடிவா இருக்கு" என்றார். அது நேர்மையான காரணம். மணிக்கூட்டை நேரம் பார்க்க மட்டுமா கட்டுகிறோம்? அழகுக்கு வாங்குகிறேன் என்று சொல்லி வாங்கினால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சத்தம் மாறும் என்று சொல்லி விற்பதோடுதான் என்ர சண்டை.

இப்படிச் சோதிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு கருவியையும் சரியாக ஒரே சத்தத்தில் வைக்கவேணும். ஒன்று மற்றதைவிட அரை டெசிபெல் கூடியிருந்தாலும், அது "கூடின சத்தம்" என்று உங்களுக்குத் தோன்றாது, "தெளிவான சத்தம்" என்று தோன்றும். இந்தச் சூட்சுமம் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். லண்டனில் ஒரு கடையில், மலிவானதைப் போட்டுக் காட்டிவிட்டு விலை கூடியதைப் போடும்போது குமிழை ஒரு நூல் அளவு திருப்பியதைக் கண்ணால் கண்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, தேத்தண்ணி தந்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

வாட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் 200 வாட்ஸ் என்று எழுதியிருந்தால் 100 வாட்ஸை விட இரண்டு மடங்கு சத்தம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. இரண்டு மடங்கு வலு என்றால் கூடுவது 3 டெசிபெல் மட்டும், காதுக்கு அது கொஞ்சம்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கவேணும் என்றால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வலு வேணும். சாதாரணமான ஒரு ஸ்பீக்கர் ஒரு வாட்ஸ் வாங்கி ஒரு மீற்றர் தூரத்தில் 87 டெசிபெல் அளவு தரும். அது நன்றான சத்தம். அதாவது இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக நீங்கள் பாட்டுக் கேட்கும்போது உங்கள் அம்பிளிபயர் ஒரு வாட்ஸ்கூடச் செலவழிப்பதில்லை. மிச்சம் 199 வாட்ஸும் பெட்டிக்குள் சும்மா இருக்கிறது.

ஆனால் எங்கட கலியாண மண்டபங்களில் அது சும்மா இருப்பதில்லை. இது நகைச்சுவையாக எழுதுகிற விசயம் இல்லை. கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்டாலும் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபெல். அது 90 ஆனால் கிழமைக்கு 4 மணித்தியாலம்தான். 100 என்றால் அரை மணித்தியாலமும் இல்லை. பிறந்தநாள் விழா, சாமத்தியவீடு, கலியாணம் என்று ஸ்பீக்கருக்குக் கிட்டப் போட்ட மேசையில் கைக்குழந்தையோடு இருக்கிற தாய்மாரைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். உட்காதில் இருக்கிற நுண்ணிய மயிர்க்கலங்கள் ஒருதடவை செத்தால் செத்ததுதான், திரும்ப முளைக்காது. கைபேசியில் இலவசமாகக் கிடைக்கிற டெசிபெல் அளக்கும் செயலியை ஒருதடவை மண்டபத்தில் போட்டுப் பாருங்கோ. பிறகு மேசையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வெட்கம் வராது.

காதைப் பற்றி இன்னும் ஒன்று. இளம் வயதில் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கிற காது, வயது ஏற ஏற மேலிருந்து தேய்ந்துகொண்டு வரும். ஐம்பது, அறுபது தாண்டிய பலருக்குப் 12,000க்கு மேல் ஒன்றும் பெரிதாகக் கேட்காது. விலை கூடிய ஹைஃபை கடைகளில் நிற்கிறவர்கள் யார் என்று பார்த்தீர்கள் என்றால், அநேகமாக எங்கட வயது ஆம்பிளையள்தான். பிள்ளைகள் படித்து முடித்து, வீட்டுக் கடன் கட்டி முடித்து, கையில் கொஞ்சம் காசு மிஞ்சும்போது காதின் மேல்தட்டு போய்விட்டிருக்கும். 40,000 ஹேர்ட்ஸ் வரை வாசிக்கும் என்ற பெட்டியை 11,000 ஹேர்ட்ஸ் காதோடு போய் வாங்குகிறோம்.

அந்த "உயர் தெளிவு" கதையையும் சொல்லிவிட வேணும். 1982இல் சீடி வந்தபோதே மனிதக் காதுக்குக் கேட்கக்கூடிய முழு எல்லையும் அதற்குள் அடங்கிவிட்டது. 2007இல் பொஸ்டனைச் சேர்ந்த மேயர், மொரன் என்ற இருவர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். சீடியை விடக் கூடிய தரம் என்று விற்கப்பட்ட இசைத்தட்டுகளை நேரடியாகவும், அதே சமிக்ஞையைச் சீடித் தரத்துக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிப் போட்டு ஐநூறுக்கு மேற்பட்ட தடவை கேட்க வைத்தார்கள். வழமையான சத்தத்தில் சரியான விடை பாதிக்குப் பாதிதான், அதாவது ஊகம். ஆனால் அதே கட்டுரையில் ஒரு முக்கியமான விசயம் சொல்லியிருந்தார்கள். அந்த விலை கூடிய தட்டுகள் பல உண்மையிலேயே நன்றாக இருந்தன. காரணம், அவற்றைத் தயாரித்தவர்கள் கவனமெடுத்துத் தயாரித்திருந்தார்கள்.

இதுதான் சங்கிலியின் மற்ற முனை. 1978இல் வந்த 'ப்ரியா' படப் பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவானவை. 1986இல் இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டில் வயலின்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன, எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 1992இல் 'ரோஜா' வந்தபோது, மலிவான டேப் ரெக்கோர்டரில்கூட அது வேறு மாதிரிக் கேட்டது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஏ.ஆர். ரஹ்மான் மட்டும் இல்லை, 2008இல் காலமான ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதரும் இருந்தார். இசையமைப்பாளர் பெயர் எல்லோருக்கும் தெரியும், பாடகர் பெயர் தெரியும், ஒலிப்பதிவு செய்தவர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கினால் முதலில் செய்யவேண்டியது, தட்டின் உறையைத் திருப்பி அந்தச் சின்ன எழுத்துகளை வாசிப்பது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே பழைய பாட்டுகளைப் பின்னாளில் "டிஜிட்டல் ரீமாஸ்டர்" என்று திரும்ப வெளியிட்டபோது பலவற்றை நசுக்கிவிட்டார்கள். மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, முழுப் பாட்டையும் கத்த வைப்பது. மற்றப் பாட்டை விடச் சத்தமாகக் கேட்டால் நல்லது என்று சனம் நினைக்கும் என்ற அதே கடைக்காரர் சூட்சுமம்தான். தபேலாவில் விரல் படும் இடம் காணாமல் போய்விடும். எத்தனை ஆயிரம் பவுண் கொடுத்தும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே சரிற்றிக் கடையில் ஒரு பவுணுக்குக் கிடைக்கிற கீறல் விழுந்த பழைய தட்டை நான் விடுவதில்லை. கீறலோடு பாட்டும் இருக்கும்.

ஒரு ஸ்பீக்கர் நல்லதா என்று பார்க்க பிபிசி பொறியாளர்களிடம் ஒரு எளிய வழி இருந்தது. மனிதக் குரல். தங்களோடு வேலை செய்கிற, நன்றாகத் தெரிந்த ஒருவரின் பேச்சை நேரிலும் ஸ்பீக்கரிலும் மாறி மாறிக் கேட்பார்கள். ஒலிபரப்பு வண்டிக்குள் வைக்கவென்று எழுபதுகளில் பிபிசி உருவாக்கிய, சப்பாத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கர் அந்தப் பாரம்பரியத்தில் வந்தது. அதற்கும் முந்தி, யோர்க்ஷயரில் வார்ஃப்டேல் நிறுவனத்தைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ் 1954இல் லண்டன் ரோயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தில் மேடையில் கலைஞர்களை நேரில் வாசிக்க வைத்து, ஒலிப்பதிவையும் போட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கோ என்று சனத்திடமே விட்டார். என்ன துணிச்சல்!

எங்களுக்கும் அப்படி ஓர் அளவுகோல் இருக்கிறது. கோடையில் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேருக்குப் போனால் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பத்தடி தள்ளி நின்று பாருங்கோ (அதைவிடக் கிட்டப் போகவேண்டாம், மேலே சொன்ன டெசிபெல் கணக்கு அங்கேயும்தான்). அந்தத் தவில் அடி எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது. வருடத்துக்கு ஒருதடவை அதைக் கேட்டுவிட்டு வந்தால் கடைக்காரரின் பேச்சு காதில் ஏறாது.

ஆனால் குரல் என்று சொல்லும்போது எனக்கு ஞாபகம் வருவது பிபிசி இல்லை, ஒரு கசெற்.

தொண்ணூறுகளின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற மற்றவர்கள் செய்தி கேட்பார்கள், பாட்டுக் கேட்பார்கள். சுற்றுகிறவருக்குக் களைத்தால் பாடகருக்கும் களைக்கும். ஹைஃபை சஞ்சிகைகளில் சுழற்சி வேகம் பிசகுவதை நூற்றில் எத்தனை பங்கு என்று அட்டவணை போட்டிருப்பார்கள். அந்த அட்டவணையை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளுக்குக் குரலைப் பதிந்து அனுப்புவதும் அப்படித்தான் நடந்தது. கடிதம் எழுத ஏலாத ஆட்கள், எழுதினாலும் ஆசை தீராத ஆட்கள், பழைய பாட்டுக் கசெற் ஒன்றின் மேல் பேசிப் பதிந்து, கிளாலி கடந்து கொழும்பு போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள்.

போன வருடம் நண்பர் ஒருவர் அப்படியான ஒரு கசெற்றைக் கொண்டுவந்தார். 1993இல் அவருடைய அம்மா பேசி அனுப்பியது. அம்மா இப்போது இல்லை. "ஒண்டும் வடிவா விளங்குதில்லை, ஏதும் செய்யேலுமோ பாரும்" என்றார். ஓடவிட்டுப் பார்த்தால், மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ சின்னப் பிள்ளை பேசுகிற மாதிரி இருந்தது.

முதல் வேலை கோதுதான். கசெற்றுக்குள்ளே நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னக் கம்பளித்துண்டு ஒன்று இருக்கும், முப்பது வருடத்தில் பசை காய்ந்து விழுந்துவிடும். நாடாவை எடுத்து வேறு நல்ல கோதுக்குள் போட்டேன். இரண்டாவது, ஹெட்டின் சாய்வு. பதிந்த கருவியின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் என்னுடைய டெக்கின் ஹெட்டும் இருக்கவேணும், ஒரு மயிரிழை பிசகினாலும் மேல்ச்சத்தம் போய்விடும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆணி இருக்கிறது. ஓடவிட்டபடியே அதை மெல்ல மெல்லத் திருப்ப, "ச", "ஸ" போன்ற எழுத்துகள் ஒன்றொன்றாகத் திறந்துகொண்டு வந்தன. கதவு திறந்துவிட்டது. இதற்கெல்லாம் நான் பாவித்த டெக் ஈபேயில் நாற்பது பவுண்.

மூன்றாவதுதான் கரைச்சல். டைனமோவின் வலு காணாமல் பதிந்தபோது நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. ஆகவே இப்போது சரியான வேகத்தில் ஓடவிட்டால் குரல் உயர்ந்து கீச்சென்று கேட்கும், பெடல் தளர்ந்த இடங்களில் இன்னும் உயரும். எவ்வளவு குறைப்பது? வழமையாக இதற்கு ஒரு தந்திரம் உண்டு. மின்சாரத்தில் ஓடும் கருவி பதிந்த நாடாவில் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் மெல்லியதாக ஒட்டியிருக்கும், அதை அளந்து வேகத்தைத் திருத்தலாம். இந்தக் கசெற்றில் அந்த இரைச்சல் இல்லை. எப்படி இருக்கும், ஊரிலேயே மின்சாரம் இல்லையே.

கணினியில் வேகத்தைக் குறைக்கிற குமிழை நண்பரின் கையில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னும் கொஞ்சம்... இல்லை, கூடிப்போச்சு... கொஞ்சம் ஏத்தும்..." பிறகு ஒரு இடத்தில் கையை எடுத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நான் திரையில் பார்த்தேன், நூற்றுக்கு ஏழு குறைத்திருந்தார். பத்து நிமிசம் கழித்து, எண் தெரியாமல் மறைத்துவிட்டுத் திரும்பச் செய்யச் சொன்னேன். பழக்க தோசம். அதே ஏழில் கொண்டுவந்து நிறுத்தினார்.

இப்படிப்பட்ட கசெற்றுகள் உங்கள் வீட்டிலும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், நாடாவின் மேற்பூச்சு காத்திருக்காது. முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துவிடுங்கோ. இரைச்சலை நீக்குவது, திருத்துவது எல்லாம் பிறகு. ஒன்றும் தொடாத ஒரு மூலப் பிரதியை எப்போதும் தனியாக வைத்திருங்கோ.

நண்பர் கடைசியாக ஒன்று கேட்டார். பேச்சுக்குப் பின்னால் முழுக்க ஒரு கரகரப்பு, தாளம் மாதிரி வந்துகொண்டே இருக்கிறது, அதையும் எடுத்துவிடலாமா என்று. எடுக்கலாம், ஆனால் அது என்ன என்று முதலில் பார்ப்போம் என்று உயர்த்திக் கேட்டோம். சைக்கிள் செயின். சுற்றியது அவருடைய தம்பி, அப்போது பதின்மூன்று வயது. இப்போது பாரிசில் இருக்கிறார். அதை அப்படியே விட்டுவிட்டு ஒரு பிரதியை அவருக்கும் அனுப்பினோம். அன்று இரவே வட்ஸ்அப்பில் பதில் வந்தது.

"அண்ணை, அந்தச் செயின் லூஸ் எண்டு அப்பவே அப்பாட்டச் சொன்னனான்."